கை தெரியாத கைப்பிடி

ஒயரக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், உதிரிபாகம் விற்கிறவர்கள், எல்லாருக்கும் ஒயரக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் வாய் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்தது கார்களுக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைத் தயாரிக்கும் ஆலையில். நீளப் பலகையில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஆணிகளுக்கு நடுவே நிறம் நிறமாக ஒயரை இழுத்து, டேப் சுற்றி, முனையில் கனெக்டர் மாட்ட வேண்டும். மாப்பிள்ளை கார் மெக்கானிக் என்று தெரிந்ததும், "இங்க விட்ட ஒயர அங்க போய்ப் பிடிக்கப் போறா" என்று கூட வேலை செய்த பெண்கள் கேலி செய்தார்கள். கேலி அப்படியே பலித்தது. கணவருக்கு எஞ்சின் என்றால் உயிர். ஒயர் என்றால் எட்டிக்காய். "இந்த ஒயரும் எங்க மாமியாரும் ஒண்ணு. எங்க தொட்டா ஷாக் அடிக்கும்னு முன்கூட்டியே தெரியாது" என்பார், மாமியார் ஊரில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு.

முதலில் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "கொஞ்சம் தள்ளுங்க" என்று தானே கையை விட்டாள். சில வருடங்களில் பட்டறையின் மூன்று பிரிவுகளில் நடுப் பிரிவு அவளுடையதாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"மெக்கானிக் இல்லியாம்மா?"

"இருக்காரு. அவரு கைய வச்சா எரியிற லைட்டும் அணைஞ்சிடும். பரவாயில்லன்னா கூப்பிடுறேன்."

சாவியை வெளியே எடுக்காமலே திறக்கும் கதவுகள் வந்த பிறகு அவளுக்கு வேலை கூடியது. கதவு திறக்காமல் வெயிலில் நின்று எரிச்சலோடு வருகிறவர்களுக்கு அவள் ஒரே பாடத்தைத்தான் சொல்வாள். "சாவி உங்க பையில இருக்கு. நீங்க ஹேண்டில்ல கை வைக்கிறீங்க. உள்ள இருக்கிற சென்சார், 'கை வந்திருக்கு'ன்னு வண்டிக்குச் சொல்லும். வண்டி, 'யாரது?'ன்னு கேக்கும். சாவி, 'நம்ம ஆளுதான்'னு பதில் சொல்லும். உடனே கதவு திறந்துக்கும். இந்தப் பேச்சுல யாராவது ஒருத்தர் வாயத் தொறக்கலன்னா நீங்க வெளியிலதான் நிக்கணும். யாரு வாய மூடிக்கிட்டாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

பட்டறையின் கடைசிப் பிரிவில் பிளாஸ்டிக் திரை கட்டி ஒரு பெயிண்ட் அறை இருந்தது. அதில் வேலை செய்தவன் அவளுடைய தம்பி.

வயதில் அவளுக்கு ரொம்ப இளையவன். முன்பு வேறு இடத்தில் நல்ல பெயிண்டராக இருந்தான். அவனுடைய கல்யாணம் நிலைக்கவில்லை. சண்டையோ சச்சரவோ இல்லை, ஒரு நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. தாடி வளர்ந்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ சொல்லி, அவளும் கணவரும் போய் ஒரு பெட்டியோடு அவனை அழைத்து வந்தார்கள். பெயிண்ட் அறையை ஒட்டிய சின்ன அறையைக் காலி செய்து கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் பட்டறையைப் பெருக்கினான். பிறகு ஒரு நாள் யாரும் சொல்லாமலே ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தான்.

அவன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சில சட்டங்கள் அமலுக்கு வந்தன. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. மூச்சுக்கு மூச்சு மாமியாரை இழுக்கும் கணவர்கூட அவன் எதிரில் வாயைக் கட்டிக்கொண்டார். டி.வி. தொடரில் புருஷன் பெண்டாட்டி பிரிகிற கட்டம் வந்தால் ஒயரக்கா ரிமோட்டைத் தேடிச் சேனலை மாற்றிவிடுவாள். அவன் பெயிண்டில் தூசி விழுந்திருந்தால், வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குள் தானே மெதுவாகத் தேய்த்துவிடுவாள். யாராவது குறை சொல்ல வந்தால் வாசலிலேயே மடக்கி, "எங்கிட்ட சொல்லுங்க, அவன்கிட்ட வேணாம்" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் டிரைவிங் மாஸ்டரின் கார் வந்தது.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவர். தொந்தியும் சிரிப்புமான மனிதர். அவரிடம் பழக வந்த யாரோ காரை ஒரு கேட் தூணோடு உரசி, ஒரு பக்கம் முழுவதையும் கீறி வைத்திருந்தார்கள். நிறம் சாதாரண வெள்ளி அல்ல. உருக்கி ஊற்றிய மாதிரி வழவழக்கும், வெயிலில் ஒரு விதம் நிழலில் ஒரு விதம் தெரியும் வெள்ளி. புதுப் பெயிண்டை அதோடு ஒட்டவைப்பது பெரும்பாடு. தம்பி அதோடு மல்லுக்கட்டினான். தகரத் துண்டுகளில் அடித்து அடித்துப் பார்த்தான். கடைசியில், உலோகத் தூள் அடர்த்தியாகக் கலந்த கண்ணாடி மாதிரியான பூச்சு ஒன்றை அடியில் கொடுத்து, அதன்மேல் வெள்ளியை மெல்லிசாக அடித்ததும் நிறம் பிடிபட்டது. கதவு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் அதையே அடித்தான்.

காரை முற்றத்தில் வெயிலில் நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டான்.

"எந்தப் பக்கம் புதுசு, சொல்லுங்க பாக்கலாம்."

கணவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய பக்கத்தைக் காட்டி, "இதுதான், நல்லாவே தெரியுது" என்றார். தம்பி சிரித்தான். வாய் விட்டுச் சிரித்தான். ஒயரக்கா விறுவிறுவென்று பட்டறைக்கு மேலே மாடியிலிருந்த வீட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கீழே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

மாஸ்டர் போகிற இடமெல்லாம் அந்தக் காரைக் காட்டிப் பேசினார். அதே வெள்ளி நிறக் கார் வைத்திருந்தவர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். தம்பி முடிவெட்டிக்கொண்டான். வேலை செய்யும்போது திரைக்குள்ளிருந்து முணுமுணுப்பாகப் பாட்டுக் கேட்டது.

கொஞ்ச நாளில் மாஸ்டர் திரும்பி வந்தார்.

"அக்கா, கதவு திறக்க மாட்டேங்குது. சாவி பையிலதான் இருக்கு. கை வச்சா கல்லு மாதிரி நிக்குது."

ஒயரக்கா சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் கை வைத்தாள். டக் என்று திறந்தது. மூடிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் திறந்தது.

"திறக்குதே மாஸ்டர்."

"டாக்டரப் பாத்தா ஜுரம் ஓடிப்போற மாதிரி, உங்களப் பாத்ததும் ஒழுங்காயிடுச்சு போல" என்றார் அவர். சாவியின் பேட்டரியை மாற்றி அனுப்பி வைத்தாள்.

திரும்பவும் வந்தார். இந்த முறை, "நீங்களே பாருங்க" என்று காரைச் சுற்றிக்கொண்டு மறு பக்கம் போய் அங்கே கை வைத்தார். கதவு அசையவில்லை. ஒயரக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கற்றுக் கொடுக்கிறவர் உட்காருவது ஓட்டுநர் சீட்டில் இல்லையே. இவள் பழக்க தோஷத்தில் ஓட்டுநர் கதவையே திறந்து பார்த்துவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறாள்.

அன்று முறையாகப் பார்த்தாள். சாவியின் பொத்தானை அழுத்தினால் அந்தக் கதவும் திறந்தது, அதனால் பூட்டு மோட்டாரில் குறையில்லை. சாவி உள்ளே இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆனது, அதனால் வண்டியும் சாவியும் பேசிக்கொள்கின்றன. கை வந்ததைச் சொல்ல வேண்டிய சென்சார்தான் பேசவில்லை. கதவின் உள்பக்கத்தைக் கழற்றினாள். கைப்பிடிக்குப் போகும் கனெக்டர் ஈரம் பட்டு லேசாகப் பச்சை பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி. சுத்தம் செய்து மாட்டினாள். மாஸ்டர் தன் பெரிய கையால் அழுத்திப் பிடித்தபோது ஒரு முறை திறந்தது.

"அவ்வளவுதான். தண்ணி இறங்கியிருக்கு" என்றாள்.

அந்தப் பச்சை அப்படியொன்றும் அதிகமில்லை. இதைவிட மோசமான கனெக்டர்கள் வேலை செய்வதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அன்று அதை நினைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

அதே சமயத்தில் ஒரு நர்ஸின் காருக்கும் இதே வியாதி. தம்பி அடித்த அதே வெள்ளி. ஓட்டுநர் கதவு. ஒயரக்கா கைப்பிடியையே புதிதாக வரவழைத்தாள். புதுக் கைப்பிடி பெயிண்ட் இல்லாமல் கறுப்பாகத்தான் வரும். அப்படியே மாட்டிப் பார்த்தபோது விரல் பட்டதும் திறந்தது. கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள். அவன் வெள்ளி அடித்துக் கொடுத்தான். மாட்டி அனுப்பினாள். அடுத்த நாளே நர்ஸ் போன் செய்தாள்.

"டூப்ளிகேட் பாகத்த தலையில கட்டிட்டான்" என்று பாகம் விற்றவனைத் திட்டிக்கொண்டே ஒயரக்கா சாப்பிட உட்கார்ந்தாள். தம்பி அப்போது அங்கே இல்லை. கணவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"ஹேண்டில் புதுசு. ஒயர நீ பாத்துட்ட. கறுப்பா இருந்தப்போ திறந்துச்சுன்னு நீயே சொல்ற. வெள்ளியா ஆனதும் திறக்கல. நடுவுல என்ன நடந்துச்சு?"

"நடுவுல ஒண்ணும் நடக்கல. நீங்க எஞ்சினப் பாருங்க."

"நான் சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்காதீங்க."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது முறை மாஸ்டர் வந்தபோது அவர் முகத்தில் பாதிச் சிரிப்புதான் இருந்தது. "அக்கா, நேத்து நாலு பேரு முன்னாடி கதவு திறக்காம நிக்கிறேன். பழக வந்த பொண்ணு டிரைவர் பக்கத்துலேர்ந்து உள்ள ஏறி, எட்டி எனக்குக் கதவத் திறந்து விடுது. வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கிறவனுக்கு வண்டிக்குள்ள போகத் தெரியலன்னு பேராயிடும். நீங்க வண்டிய வச்சுக்கிட்டுப் பொறுமையாவே பாருங்க."

அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். கணவர் டயர் வாங்கப் போயிருந்தார். தம்பியும் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தான். பட்டறையில் அவள் மட்டும்தான்.

ஸ்கேனரைச் செருகினாள். கைப்பிடியில் கை வைத்தால், சென்சார் சொல்வதைக் காட்டும் அதன் திரையில் 'இல்லை' என்பது 'உண்டு' என்று மாற வேண்டும். வைத்தாள். இல்லை. வேறு மாதிரிப் பிடித்தாள். இல்லை. கைப்பிடியைக் கழற்றி, மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் ஓட்டைப் பிரித்து, உள்ளே இருந்த சென்சாருக்குப் பக்கத்தில் வெறும் விரலைக் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்பே 'உண்டு' என்றது. கறுப்பு ஓடு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைப் போட்டு மூடினாள். உண்டு. அதை எடுத்துவிட்டு வெள்ளி ஓட்டைப் போட்டாள். இல்லை.

உலோகத் தூள் கலந்த அந்த அடிப்பூச்சு, கைக்கும் சென்சாருக்கும் நடுவே தகடு மாதிரி நின்றது. இந்தப் பக்கம் கை இருப்பது அந்தப் பக்கம் தெரியவில்லை. அழுத்திப் பிடித்தால் எப்போதாவது தெரியும். அதனால்தான் ஒரு நாள் திறப்பதும் ஒரு நாள் மறுப்பதுமாக இருந்திருக்கிறது.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புதிதாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது. சோற்றுத் தட்டின் எதிரில் கணவர் கேட்டபோதே தெரியும். அதற்கு முன்னாலும் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். இப்போது தம்பி வருவான். வந்ததும், "நீ அடிச்ச பெயிண்ட்டாலதான் வண்டியெல்லாம் திரும்பி வருது" என்று சொல்ல வேண்டும். முற்றத்தில் நின்று சிரித்த அந்த முகம் அப்படியே சுருங்கி, மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால்?

எழுந்தாள். உப்புத்தாள் ஒன்றை எடுத்தாள். வெள்ளி ஓட்டின் உள்வளைவில், விரல் படுகிற, வெளியே தெரியாத இடத்தில், பெயிண்டைத் தேய்த்து எடுத்தாள். கறுப்புத் தெரிந்தது. கடையில் விற்கும் சாதாரண வெள்ளியை ஒரு சின்னத் தூரிகையால் மெல்லத் தடவினாள். காய்ந்ததும் மாட்டிப் பார்த்தாள். கதவு திறந்தது.

மாஸ்டரிடம், "சென்சார்ல சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன்" என்றாள். நர்ஸின் காரையும் வரவழைத்து அதே மாதிரிச் செய்தாள். அதற்குப் பிறகு தம்பி எந்த வெள்ளிக் காரை முடித்தாலும், மறுநாள் விடிந்ததும் அவன் எழுவதற்கு முன்னால் கீழே இறங்கி வந்து கைப்பிடிகளைக் கழற்றி உள்பக்கத்தைச் சுரண்டுவது அவளுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. கணவர் ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே படியில் நின்று பார்த்தார்.

"இதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல" என்றார்.

"தெரியும்."

"அவன் பெயிண்டர். பாத்துடுவான்."

"உள்பக்கத்த யாரு பாக்கப் போறா?"

கணவர் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

பார்த்தான். பெயிண்டரின் கண்ணுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் ஒன்றுதான். ஒரு நாள் காலை கழற்றிய ஓட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தூரிகையைத் தேடிக்கொண்டிருந்தாள். திரும்பினால் தம்பி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தான்.

"அக்கா, இது என் கை வேலை இல்லையே."

"நகம் பட்டிருக்கும்."

"நகம் இவ்வளவு சீராச் சுரண்டாது." கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "நைஸ் காகிதத்துல தேச்சிருக்கு. நர்ஸம்மா வண்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. பாத்துட்டு, எனக்குத்தான் கை தவறுதோன்னு நினைச்சேன். பெயிண்ட் பிடிக்காம உரியுதுன்னு. அதுக்காக நான் ரெண்டு வாரமா பெயிண்ட்ல கலக்குற தின்னர மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்கேன், தெரியுமா?"

அது அவளுக்குத் தெரியாது. அவனைக் காப்பாற்றுகிறோம் என்று அவள் சுரண்டியதைப் பார்த்து, அவன் தன் கைமேலேயே சந்தேகப்பட்டிருக்கிறான். அதற்குமேல் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"இங்க வா" என்றாள்.

ஸ்கேனரைச் செருகினாள். அவன் அடித்த வெள்ளி ஓட்டை மாட்டி, "கை வை" என்றாள். வைத்தான். திரை மாறவில்லை. கறுப்பு ஓட்டை மாட்டினாள். "இப்போ வை." மாறியது. அவன் தானே ஓடுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். ஒரு விரலால், உள்ளங்கையால், புறங்கையால். வெள்ளிக்கு அவன் கை தெரியவே இல்லை.

"அந்த அடிப்பூச்சு" என்றான்.

"ஆமா."

"எத்தன வண்டி?"

"ஏழெட்டு இருக்கும்."

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவள் ஸ்கேனரின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தம்பி ஓட்டை மேஜைமேல் வைத்தான். சத்தம் வராமல் மெதுவாக வைத்தான். அவன் எதையாவது தூக்கி எறிந்திருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

"அக்கா, பெயிண்ட் அடிக்கிறவனுக்குப் பாதி வேலையே சுரண்டுறதுதான். நிறம் சரியா வரலன்னா சுரண்டுவேன். தூசி விழுந்தா சுரண்டுவேன். காலையில அடிச்சத சாயங்காலம் சுரண்டியிருக்கேன். 'டேய், உன் பூச்சு சென்சார மறைக்குது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, 'அப்படியா, சரி'ன்னு கைப்பிடிக்கு மட்டும் வேற பூச்சு பாத்திருப்பேன். இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"நீ இப்பதான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்ச. இதச் சொன்னா மறுபடியும்..."

"மறுபடியும் உடைஞ்சு போயிடுவேன்."

"அப்படி இல்லடா."

"அப்படித்தான். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என்னப் பீங்கான் கோப்பை மாதிரித்தான் எடுத்து வைக்கிற. மச்சான் பாவம், ஜோக்கடிக்க வாயத் தொறந்துட்டு என்னப் பாத்து மூடிக்கிறாரு. டி.வி.ல அந்தத் தொடர், அதுல அவங்க பிரிஞ்சப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீ சேனல மாத்திட்ட. எனக்கு அதப் பாக்கணும்னு இருந்துச்சுக்கா."

அதைச் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் இழுத்தது. ஒயரக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "சேர்ந்துட்டாங்க" என்றாள். "நான் உள்ள போய்ப் பாத்தேன். அப்புறம் மறுபடியும் பிரிஞ்சிட்டாங்க."

"இதச் சொல்ல இத்தன மாசமா?" என்று கேட்டுவிட்டு அவன் திரைக்குள் போய்விட்டான்.

அன்றும் அடுத்த நாளும் அவளோடு பேசவில்லை. சாப்பிட வந்தான், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். ஆனால் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. வெள்ளிக் கார் வைத்திருந்தவர்களின் போன் எண்களைக் கணவரிடம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டான். "நான் பெயிண்டர் பேசுறேன். உங்க வண்டி ஹேண்டில்ல நான் அடிச்ச பூச்சுல ஒரு தப்பு இருக்கு. மேலோட்டமாத்தான் சரி பண்ணியிருக்கு. கொண்டு வாங்க, முழுசாப் பண்ணித் தரேன்." ஒயரக்கா நடுப் பிரிவில் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் மறுமுனையில் சத்தம் போட்டது இங்கேவரை கேட்டது. ஓடிப்போய் போனைப் பிடுங்கி, "எங்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லக் கை பரபரத்தது. கணவர் ஸ்பேனரை நீட்டி அவள் முழங்கையைத் தட்டினார். "வேலையப் பாரு" என்றார். தம்பி முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க கோவப்படுறது நியாயம்தான் சார், நாளைக்கு வாங்க" என்று சொல்லி வைத்தான்.

கைப்பிடிகளை முழுவதும் சுரண்டினான். உலோகத் தூள் இல்லாத வேறு பூச்சுகளைத் தேடினான். ஒவ்வொன்றையும் பழைய ஓட்டில் அடித்துக் காயவைத்து எடுத்து வந்து அவள் மேஜையில் வைப்பான். அவள் ஸ்கேனரில் பார்த்து, "தெரியுது" அல்லது "தெரியல" என்பாள். அந்த இரண்டு சொற்களோடுதான் அவர்கள் மறுபடி பேசவே ஆரம்பித்தார்கள். கடைசியில் சென்சார் ஒத்துக்கொண்ட பூச்சை அவன் கண் ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் கைப்பிடி ஒரு இழை மங்கலாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரியல" என்றாள் அவள்.

"பொய் சொல்லாத."

அவள் மறுபடி பார்த்தாள். "தெரியுது. கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு."

"அது. அப்படிச் சொல்லு."

மாஸ்டரிடமும் அதை ஒளிக்காமல் சொன்னான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டப் பழக வர்றவங்களுக்குப் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியறதில்ல. இதுவா தெரியப் போகுது?" என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்துக் கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துச் சந்தோஷமாகப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் தம்பி, "ரூம் ஒண்ணு பாத்திருக்கேன். மாசம் பிறந்ததும் போயிடறேன்" என்றான்.

ஒயரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு? இங்க என்ன குறை? இன்னும் கோவமா?"

"கோவம் போயிடுச்சு. வேலைக்கு இங்கதான் வருவேன்."

"அப்புறம் எதுக்குடா?"

"எனக்கு ஒரு கதவு வேணும்க்கா" என்று மட்டும் சொன்னான். அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் அன்று கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. கணவர் பின்னால் வந்து நின்றார்.

"மாப்ள நல்லா ஆயிட்டான். அதனாலதான் போறான். உங்க அம்மாகூட நம்ம வீட்டுக்கு வந்தா நல்லா ஆனப்புறம்தான் போவாங்க. என்ன, அவங்களுக்கு நல்லாகிறதுக்குக் கொஞ்சம் நாளாகும்."

தம்பி அடுத்த அறையிலிருந்து சிரிப்பது கேட்டது. ஒயரக்கா திரும்பிக் கணவரை முறைத்தாள். முறைப்பு நிலைக்கவில்லை.

அவன் போன பிறகு, அந்தச் சின்ன அறையில் கட்டில் வெறுமனே கிடந்தது. அவள் அதில் ஒயர்ச் சுருள்களை வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் விட்டாள். தினமும் காலையில் தம்பி வந்தான். "சாப்பிட்டியா?" என்ற கேள்வி தொண்டைவரை வரும். சில நாள் கேட்டாள். சில நாள் விழுங்கினாள்.

ஒரு மாலை, அவன் கூப்பிட்டதன் பேரில் அறையைப் பார்க்கப் போனாள். இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது. சின்ன அறைதான். ஜன்னலோரம் கொடி கட்டி இரண்டு சட்டை காயப் போட்டிருந்தான். ஒரு சுவரை மட்டும் தானே இளம் பச்சையாக அடித்திருந்தான். மூலையில் ஒரு அடுப்பு. டீ போட்டான். ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. அதில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் பாத்திரத்திலிருந்தே குடித்தான்.

டீயில் சர்க்கரை ரொம்பக் குறைவு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நினைத்துக்கொண்டு, "சர்க்கரை பத்தலடா" என்றாள்.

"டப்பா அங்க இருக்கு, போட்டுக்கோ."

எழுந்து போட்டுக்கொண்டாள். டம்ளரைப் பார்த்தாள். "வர்ற வாரம் நம்ம வீட்லேர்ந்து ரெண்டு டம்ளர் கொண்டு வரட்டா?"

"வேணாம்க்கா. நானே வாங்கிக்கிறேன்."

"சரி" என்றாள். கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வேறு யாருக்கோ அடித்த ஹாரன். அவள் மறுபடி உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தாள். தம்பி டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.